கடலடியில் ஒரு வீடு, பெங்களூரில் ஓர் அறை

ஒக்கலிபுரத்திலிருந்து கடல் வெகு தொலைவில் உள்ளது. கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் அமைந்த பெங்களூரில், ரயில் பாதையை ஒட்டிய இப்பகுதியில் வாழும் மாணவர் ஒருவர் கடலடி ஆய்வைத் தம் ஊருக்குத் தொடர்பற்ற துறையெனக் கருதினால் அவரைக் குறைகூற இயலாது. ஆயினும் அத்துறையின் மையமான வினா, விரும்பிய வேளையில் வெளியேற முடியாத ஓரிடத்தில் மனிதர் பல நாள் தங்கிப் பணிபுரிவது எங்ஙனம் என்பதே. இதே வினாவுக்குத்தான் இந்நகரின் மறுபுறத்தில், பழைய விமான நிலையச் சாலையில் உள்ள விமானப்படையின் வான்வெளி மருத்துவ நிலையத்தில் விடை தேடுகின்றனர்.

முதலில், கடலுக்கு அடியில் தங்க வேண்டிய தேவை ஏன் எழுந்தது என்பதைக் காண்போம். மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்போர் மூச்சை அடக்கி மூழ்கினர். சிறிது நேரத்தில் மேலே வந்தனர். காற்றுக் கலனுடன் மூழ்குபவருக்கோ வேறொரு தொல்லை உண்டு. நீரில் ஒவ்வொரு பத்து மீட்டர் ஆழத்திற்கும் ஒரு வளிமண்டல அளவு அழுத்தம் கூடுகிறது. அழுத்தம் மிகுந்த காற்றைச் சுவாசிக்கும்போது அதிலுள்ள நைட்ரஜன் இரத்தத்திலும் திசுக்களிலும் கரைகிறது. அவர் விரைந்து மேலேறினால், கோலி சோடாவின் கோலியை அழுத்தியவுடன் குமிழிகள் பொங்குவதைப் போல, கரைந்த வாயு உடலுக்குள் குமிழியாகப் பிரியும். மூட்டுகளில் கடும் வலி, பக்கவாதம், சில வேளை மரணமும் நேரலாம். ஆகவே படிப்படியாகவே அவர் மேலேற வேண்டும். கீழே கழித்த நேரம் கூடக்கூட, ஏறுவதற்கான நேரமும் கூடும். இருபது மீட்டர் ஆழத்தில் ஒரு பவளப் பாறையை ஆராய விரும்பும் உயிரியல் அறிஞருக்கு ஒரு முறைக்கு ஒரு மணி நேரம் கிடைப்பதே அரிது.

இச்சிக்கலுக்கு உடலின் இயல்பிலேயே ஒரு வழி இருந்தது. ஏறத்தாழ ஒரு நாள் கீழே தங்கிவிட்டால், அந்த அழுத்தத்தில் எவ்வளவு வாயு கரைய முடியுமோ அவ்வளவும் திசுக்களில் கரைந்துவிடுகிறது. இதுவே தெவிட்டிய நிலை. அதன்பின் பத்து நாள் தங்கினாலும் ஐம்பது நாள் தங்கினாலும், அழுத்தத்தைக் குறைத்து மேலே வருவதற்கு ஒரே அளவு நேரமே தேவைப்படும். அப்படியானால் கீழேயே ஒரு வீடு கட்டித் தங்கிவிடலாமே என்ற எண்ணம் பிறந்தது. 1962இல் பிரான்சின் ழாக் கூஸ்தோ மார்சேய் நகருக்கு அருகே பத்து மீட்டர் ஆழத்தில் இருவரை ஒரு வாரம் தங்க வைத்தார். 1969இல் அமெரிக்க வர்ஜின் தீவுகளில் டெக்டைட் என்னும் கடலடி இல்லத்தில் நான்கு அறிஞர்கள் 58 நாள் வாழ்ந்தனர். மறு ஆண்டு சில்வியா எர்ல் தலைமையில் பெண் அறிஞர் குழு ஒன்றும் அங்கே தங்கியது. அக்குழுவினரின் நடத்தையை விண்வெளி நிறுவனமான நாசா கூர்ந்து கவனித்தது என்பது நம் பொருளுக்கு முக்கியமானது.

இந்த ஏற்பாட்டிற்கு ஒரு விலையும் உண்டு. தெவிட்டிய உடலுடன் இருப்பவர் தீ, நோய், கருவிக் கோளாறு எது நேர்ந்தாலும் ஓடி மேலே வர இயலாது. தலைக்கு மேல் சில மீட்டரில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். ஆனால் அவருக்கு அது பல மணி நேரத்துக்கு அப்பால் உள்ளது. 1969 பிப்ரவரியில் அமெரிக்கக் கடற்படையின் மூன்றாம் சீலேப் இல்லத்தில், 186 மீட்டர் ஆழத்தில் வாயுக் கசிவைச் சரிசெய்யச் சென்ற பெரி கேனன் உயிரிழந்தார். அவருடைய சுவாசக் கருவியில் கரியமில வாயுவை உறிஞ்சும் பொருள் நிரப்பப்படவில்லை என்று விசாரணையில் தெரியவந்தது. அத்திட்டம் அத்துடன் நின்றது.

பிற்காலத்தில் நெடுநாள் பணிபுரிந்தது அமெரிக்காவின் ஃபுளோரிடா கடற்கரைக்கு அப்பாலுள்ள அக்குவாரியஸ். சுமார் 19 மீட்டர் ஆழத்தில் உள்ள இதில் அறுவர் தங்கலாம். உள்ளே காற்றழுத்தம் நிலத்தில் உள்ளதைப் போல ஏறத்தாழ இரண்டரை மடங்கு. தங்கியிருப்போர் நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரம் வரை வெளியே நீரில் பணிபுரிய முடியும். ஆனால் கரை திரும்ப 17 மணி நேர அழுத்தக் குறைப்பு வேண்டும். விண்வெளி நிலையத்திலிருந்து பூமிக்குத் திரும்ப ஆகும் நேரம் சில வேளை இதைவிடக் குறைவு! 2001 முதல் 2019 வரை நாசா தன் விண்வெளி வீரர்களை இங்கே பயிற்சிக்கு அனுப்பியது. 2002 மே மாதத்தில் இங்கு தங்கியவர்களுள் சுனிதா வில்லியம்ஸும் ஒருவர். எட்டு நாள் பயணமாக 2024 ஜூனில் விண்வெளி சென்ற அவர், கலத்தின் கோளாறினால் ஒன்பது மாதங்களுக்கு மேல் அங்கேயே தங்க நேர்ந்ததைப் படித்தோர், இப்பயிற்சியின் பொருளை எளிதில் உணர்வர்.

பெங்களூரின் பங்கு இங்கேதான் வருகிறது. 1984இல் விண்வெளி சென்ற ராகேஷ் சர்மா, தேர்வுக் காலத்தில் இந்நகரில் உள்ள விமானப்படை நிலையம் ஒன்றில், செயற்கை ஒளி மட்டுமே உள்ள அறையில் 72 மணி நேரம் அடைத்து வைக்கப்பட்டார். அடைபட்ட இடத்தைக் கண்டு அஞ்சும் இயல்பு அவருள் மறைந்துள்ளதா என அறிவதே நோக்கம். ககன்யான் திட்டத்திற்காக 2025 ஜூலையில் குரூப் கேப்டன் அங்கத் பிரதாப் உள்ளிட்டோர் வான்வெளி மருத்துவ நிலையத்தில் பத்து நாள் தனித்து வாழும் ஆய்வில் பங்கேற்றனர். இத்தகைய ஆய்வுகள் பயனுள்ளவையே. எனினும் அறையில் உள்ளவருக்கு ஓர் உறுதி இருக்கிறது: நெருக்கடி வந்தால் கதவு திறக்கும். கடலடியில் அந்த உறுதி இல்லை. அந்த வேறுபாட்டை எந்த அறையாலும் ஈடுசெய்ய இயலாது என்பது என் கருத்து.

நம் நாட்டில் கடலடி ஆய்வு இல்லம் இன்னும் அமையவில்லை. சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கிவரும் மத்ஸ்யா 6000 வேறு வகையானது. 80 மில்லிமீட்டர் தடிப்பும் 2.1 மீட்டர் உள்விட்டமும் கொண்ட அதன் டைட்டானியக் கோளத்தினுள் நிலத்தின் அழுத்தமே நிலவும். மூவர் அமர்ந்து 6,000 மீட்டர் ஆழம் வரை சென்று, உடல் தெவிட்டாமல் அன்றே திரும்பலாம். கோளத்தை உருவாக்குவதில் இஸ்ரோவின் விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் துணை நின்றது. தெவிட்டிய நிலையில் பணிபுரியும் அறிவு நம் கடற்படையிடம் உண்டு: 2025 ஜூலையில் பணியில் சேர்க்கப்பட்ட ஐஎன்எஸ் நிஸ்தார் கப்பலின் அழுத்த அறைகளில் தங்கியபடியே மூழ்குவோர் 300 மீட்டர் ஆழம் வரை சென்று வரலாம். ஆனால் அது மீட்புப் பணிக்கான கப்பல். கடல் அறிஞர்களுக்கோ விண்வெளி வீரர்களுக்கோ அத்தகைய இடம் இல்லை.

ஆழம் குறைந்த, தெளிந்த நீர் லட்சத்தீவுகளில் இருக்கிறது. பவளப் பாறைகளும் அங்கே ஆய்வுக்குக் காத்திருக்கின்றன. அழுத்தக் கலன் கட்டும் தொழில் திறன் நம்மிடம் உண்டு. அத்தகைய இல்லம் அங்கு எழுமானால், அதில் முதலில் தங்குவோருக்கான மருத்துவச் சோதனைகள் கடலற்ற பெங்களூரிலேயே தொடங்கலாம்.