டிவிடியில் தொலைக்காட்சித் தொடர்கள்

தொலைக்காட்சித் தொடர்களைப் பருவம் பருவமாகத் தொகுத்து டிவிடி வட்டுகளாக விற்கும் வழக்கம் 2000ஆம் ஆண்டை ஒட்டி அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் வேரூன்றியது. அதற்கு முன் ஒரு தொடரைத் தவறவிட்டவர் மறுஒளிபரப்புக்காகக் காத்திருக்க வேண்டும். அது வராமலே போகவும் கூடும். டிவிடி வந்தபின் பழைய தொடரை முதலிலிருந்து பார்ப்பதும், நடந்துகொண்டிருக்கும் தொடரில் விட்ட அத்தியாயங்களைப் பார்த்துவிட்டு அடுத்த பருவத்தில் சேர்ந்துகொள்வதும் எளிதாயின.

நாடாவிலிருந்து வட்டுக்கு

வீடியோ நாடாவிலும் தொடர்கள் விற்கப்பட்டன. ஆனால் ஒரு நாடாவில் பெரும்பாலும் இரண்டு மூன்று அத்தியாயங்களே இருக்கும். அமெரிக்கத் தொடரின் ஒரு பருவம் வழக்கமாக 22 அத்தியாயங்கள் கொண்டது. விளம்பரங்களை நீக்கினால் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 44 நிமிடம். நாடாவுக்கு இரண்டு என்றால் ஒரு பருவத்துக்கே 11 நாடாக்கள் தேவை. யார் வாங்குவார்கள், எந்தக் கடையில் அடுக்குவார்கள்? ஆகவே முழுப் பருவம் அரிதாகவே வந்தது. தேர்ந்தெடுத்த சில அத்தியாயங்களோடு நிறுத்திக்கொண்டார்கள்.

டிவிடி 1996இல் ஜப்பானிலும் 1997இல் அமெரிக்காவிலும் விற்பனைக்கு வந்தது. ஒரு பக்கத்தில் ஒரே அடுக்கு உள்ள வட்டில் 4.7 கிகாபைட் கொள்ளும். இரண்டு அடுக்கு இருந்தால் 8.5 கிகாபைட். எம்பெக்-2 முறையில் சுருக்கிய படம் இரண்டடுக்கு வட்டில் நல்ல தரத்தில் நான்கு மணி நேரம்வரை பதியும். அதாவது 44 நிமிட அத்தியாயங்கள் நான்கைத் தாராளமாக வைக்கலாம். முழுப் பருவமும் ஆறு வட்டுகளில் முடிந்துவிடும். 1993இல் தொடங்கிய 'எக்ஸ்-ஃபைல்ஸ்' தொடரின் முதல் பருவம், 24 அத்தியாயங்களும் ஏழு வட்டுகளில், 2000இல் வெளிவந்தது. முழுப் பருவத்தை ஒரே பெட்டியில் விற்கலாம் என்று காட்டிய முன்னோடிகளுள் அது ஒன்று.

இந்தக் கணக்கை நம் தொடர்களுக்குப் போட்டுப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். 'கோலங்கள்' 1,500க்கும் மேற்பட்ட அத்தியாயங்கள் ஓடியது. அத்தியாயத்துக்கு 20 நிமிடம் என்று வைத்தாலும் 500 மணி நேரம், 125 வட்டுகள். நெடுந்தொடர்கள் பெட்டித் தொகுப்பாக வருவது ஏன் கடினம் என்பது இதிலேயே விளங்கும். இந்தியாவில் டிவிடிக்குப் பொருந்தி வந்தவை தூர்தர்சன் காலத்து எல்லையுள்ள தொடர்களே. சியாம் பெனகல் இயக்கிய, 53 அத்தியாயங்கள் கொண்ட 'பாரத் ஏக் கோஜ்', ஆர். கே. நாராயணின் கதைகளைக் கொண்டு சங்கர் நாக் இயக்கிய 'மால்குடி டேஸ்' போன்றவை வட்டுகளாகக் கிடைத்தன.

நிறுத்தப்பட்ட தொடர்கள்

டிவிடி விற்பனை சில தொடர்களின் தலையெழுத்தையே மாற்றியது. 'ஃபேமிலி கை' என்ற கேலிச்சித்திரத் தொடரை ஃபாக்ஸ் அலைவரிசை 2002இல் நிறுத்தியது. அடுத்த ஆண்டு முதல் இரண்டு பருவங்களின் 28 அத்தியாயங்கள் நான்கு வட்டுகளில் வந்து மிகப் பெரிய அளவில் விற்றன. வேறோர் அலைவரிசையில் போட்ட மறுஒளிபரப்புக்கும் கூட்டம் சேர்ந்தது. 2005 மே மாதத்தில் அதே ஃபாக்ஸ் புதிய அத்தியாயங்களை ஒளிபரப்பத் தொடங்கியது.

'ஃபயர்ஃபிளை' கதை வேறு. விண்வெளியில் நடக்கும் இத்தொடருக்கு எடுக்கப்பட்டவை 14 அத்தியாயங்கள். 2002இல் ஒளிபரப்பானவை 11. அதிலும் வரிசை குலைந்தது. கதைமாந்தரை அறிமுகப்படுத்தும் முதல் அத்தியாயத்தைக் கடைசியில் போட்டார்கள்! பார்ப்பவருக்கு யார் யாரென்று எப்படிப் புரியும்? 2003 டிசம்பரில் வந்த டிவிடியில்தான் 14 அத்தியாயங்களும் ஆக்கியவர் எண்ணிய வரிசையில் அமைந்தன. அதன் விற்பனை, 2005இல் 'செரினிட்டி' என்ற திரைப்படம் வெளிவர உதவியது. இத்தொடரைப் பார்க்க விரும்புவோர் ஒளிபரப்புத் தேதிப் பட்டியலைப் பின்பற்றாமல் வட்டின் வரிசையைப் பின்பற்றுவதே நல்லது.

அழிந்தவையும் மீண்டவையும்

எல்லாப் பழைய தொடர்களும் வட்டுக்கு வரவில்லை, வர முடியவும் இல்லை. 1951இல் தொடங்கிய 'ஐ லவ் லூசி' 35 மி.மீ. படச்சுருளில் எடுக்கப்பட்டது, அதனால் அரை நூற்றாண்டுக்குப் பிறகும் தெளிவான படிகள் எடுக்க முடிந்தது. பிரித்தானியாவின் 'டாக்டர் ஹூ'வுக்கு அந்த நற்பேறு இல்லை. 1963இல் தொடங்கிய இத்தொடர் ஒளிநாடாவில் பதிவானது. நாடா விலை மிகுந்தது. மறுஒளிபரப்புக்குக் கலைஞர் ஒப்பந்தங்களும் கட்டுப்பாடு விதித்தன. ஆகவே பிபிசி பழைய நாடாக்களை அழித்து மீண்டும் பயன்படுத்தியது. வெளிநாடுகளுக்கு விற்பதற்கென 16 மி.மீ. படச்சுருளில் எடுத்த படிகளும் 1970களில் குப்பைக்குப் போயின. பொதுச் சொத்தைக் காக்க வேண்டிய ஒரு நிறுவனம் செய்த இவ்வேலையை, சிக்கனம் என்று மட்டும் சொல்லிக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை.

மீண்டவை பெரும்பாலும் வெளிநாட்டுக்குப் போன படிகளே. நான்கு அத்தியாயங்கள் கொண்ட ஒரு கதை முழுவதும் ஹாங்காங்கிலிருந்து கிடைத்து 1992இல் நாடாவாக வெளிவந்தது. நைஜீரியாவில் கிடைத்த ஒன்பது அத்தியாயங்கள் பற்றிய செய்தி 2013இல் வெளியானது. அதற்குப் பிறகும் 97 குறைந்தன. ஆனால் அன்றைய இரசிகர்கள் சிலர் வீட்டில் தொலைக்காட்சி முன் ஒலிப்பதிவுக் கருவியை வைத்துப் பதிந்திருந்தார்கள். படம் போனாலும், காணாமற்போன அத்தியாயம் ஒவ்வொன்றுக்கும் ஒலி எஞ்சியிருப்பது இவர்களால்தான். அந்த ஒலிக்கு அசைபடம் வரைந்து சேர்த்து, 'த இன்வேசன்' என்ற கதையின் இரு அத்தியாயங்களை 2006இல் டிவிடியில் நிரப்பினார்கள்.

பாட்டு மாறிய தொடர்கள்

பழைய தொடர் ஒன்றில் பின்னணியில் ஒலிக்கும் பாட்டுக்கு, ஒளிபரப்ப மட்டுமே அன்று உரிமை வாங்கியிருப்பார்கள். வட்டில் விற்பது தனி உரிமை. அதற்குத் தனியாகப் பணம் தர வேண்டும். வானொலி நிலையம் ஒன்றைக் களமாகக் கொண்ட 'டபிள்யூகேஆர்பி இன் சின்சினாட்டி' (1978–82) தொடரில் பாட்டுகள் கதையின் உடம்பு போன்றவை. 2007இல் வந்த அதன் முதல் பருவ டிவிடியில் பல பாட்டுகள் நீக்கப்பட்டு வேறு இசை சேர்க்கப்பட்டது. பெரும்பாலான பாட்டுகளோடு முழுத் தொடர் வர 2014 ஆயிற்று. 'வொண்டர் இயர்ஸ்' தொடர் 1993இல் முடிந்தும் அதன் முறையான டிவிடி 2014வரை வராததற்கும் இதே சிக்கல்தான் காரணம்.

வாங்கும்முன் பார்க்க வேண்டியவை

1998இல் டிவிடிகளை அஞ்சலில் வாடகைக்கு அனுப்பத் தொடங்கிய நெட்ஃபிளிக்ஸ், 2023 செப்டம்பரில் அச்சேவையை முடித்துக்கொண்டது. இணைய ஒளியோடை வந்தபின் வட்டுகள் குறைந்தன. ஆயினும் ஒளியோடையில் ஒப்பந்தம் தீர்ந்தால் தொடர் மறைந்துவிடும். அலமாரியில் உள்ள வட்டை அப்படி யாரும் எடுத்துவிட முடியாது. பழைய புத்தகக் கடைகளிலும் நூலகங்களிலும் பெட்டித் தொகுப்புகள் இன்னும் கிடைக்கின்றன.

உறையின் பின்புறத்தில் உலகப் படத்தின் மேல் ஓர் எண் இருக்கும். அது வட்டார எண். அமெரிக்காவும் கனடாவும் 1, ஐரோப்பாவும் ஜப்பானும் 2, சிங்கப்பூர், மலேசியா 3, ஆஸ்திரேலியா 4, இந்தியாவும் இலங்கையும் 5. கனடாவிலிருந்து உறவினர் அன்போடு வாங்கி வந்த வட்டு நம் வீட்டுக் கருவியில் ஓடாமல் போவது இதனால்தான். எல்லா வட்டாரங்களுக்கும் பொதுவான வட்டில் 0 அல்லது 'ஆல்' என்று இருக்கும்.

பால், என்டிஎஸ்சி என்ற பட முறையையும் பார்க்க வேண்டும். நம் நாட்டுக் கருவிகளில் பெரும்பாலானவை இரண்டையும் காட்டும். வட அமெரிக்கக் கருவிகள் பல பால் வட்டைக் காட்டா. நொடிக்கு 24 சட்டம் ஓடும் படத்தைப் பால் முறைக்காக 25 ஆக ஓட்டுவதால், 44 நிமிட அத்தியாயம் 42 நிமிடம் சொச்சத்தில் முடிந்துவிடும். கால அளவு குறைகிறதே, காட்சியை வெட்டிவிட்டார்களோ என்று சந்தேகப்பட வேண்டாம்.

'முழுப் பருவம்' என்று இருக்கிறதா, 'சிறந்த அத்தியாயங்கள்' என்று இருக்கிறதா என்பதைக் கவனியுங்கள். பாட்டு நிறைந்த தொடரானால் இசை மாற்றப்பட்டுள்ளது என்ற குறிப்பு பின்னட்டையின் அடியில் மிகச் சிறிய எழுத்தில் இருக்கும். பழைய வட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகச் செல்லும் கீறல் அவ்வளவாகக் கெடுக்காது. தடத்தை ஒட்டி வளைந்து செல்லும் கீறல்தான் படத்தை உறைய வைக்கும். துடைக்கும்போதும் வட்டமாகத் துடைக்காமல் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடைக்க வேண்டும்.