எது ஊர்? வன உரிமைச் சட்டமும் பழங்குடிகளின் சுயநிர்ணய உரிமையும்

ஆய்வுச் சுருக்கம்

பழங்குடிகளின் சுயநிர்ணய உரிமை பற்றிய பன்னாட்டு விவாதத்தில், அச்சொல் தன் குடிமக்களுக்குப் பொருந்தும் என்பதை இந்திய அரசு ஏற்பதில்லை. எனினும் 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் கிராம சபைக்கு வழங்கியுள்ள அதிகாரம் அவ்வுரிமையின் ஒரு சிறு வடிவமாகவே அமைந்துள்ளது. அவ்வதிகாரம் நடைமுறையில் எவர் கைக்குச் சேர்கிறது என்பதை ‘ஊர்’ என்னும் அலகின் வரையறையே தீர்மானிக்கிறது. ஒடிசாவின் நியம்கிரி, தமிழ்நாட்டின் நீலகிரி ஆகிய இரு மலைப்பகுதிகளை முன்வைத்து இக்கட்டுரை இதனை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: பழங்குடி, சுயநிர்ணயம், கிராம சபை, வன உரிமைச் சட்டம், ஐந்தாவது அட்டவணை, நீலகிரி

சொல்லும் மறுப்பும்

2007 செப்டம்பர் 13 அன்று ஐக்கிய நாடுகள் பொதுச்சபை தொல்குடி மக்களின் உரிமைகள் குறித்த பிரகடனத்தை ஏற்றுக்கொண்டது. 144 நாடுகள் ஆதரித்தன. ஆஸ்திரேலியா, கனடா, நியூசிலாந்து, அமெரிக்கா ஆகிய நான்கும் எதிர்த்தன. 11 நாடுகள் வாக்களிப்பிலிருந்து விலகி நின்றன. எதிர்த்த நான்கு நாடுகளும் 2010ஆம் ஆண்டு முடிவதற்குள் தம் நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டன. இந்தியாவின் நிலை வேறு. அது ஆதரித்து வாக்களித்தது. அதே வேளையில், சுயநிர்ணய உரிமை அயலார் ஆதிக்கத்தின்கீழ் உள்ள மக்களுக்கே உரியது என்றும் இறையாண்மை பெற்ற நாட்டின் ஒரு மக்கட்பிரிவுக்கு அது பொருந்தாது என்றும் விளக்கமளித்தது. 1979இல் குடிமை, அரசியல் உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கையில் சேர்ந்தபோது பதிவு செய்த நிலைப்பாடும் இதுவே. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 107ஆம் உடன்பாட்டை 1958இல் ஏற்ற இந்தியா, அதற்கு மாற்றாக 1989இல் வந்த 169ஆம் உடன்பாட்டை இன்றுவரை ஏற்கவில்லை.

இம்மறுப்புக்குப் பின்னால் அறிவுத்துறை சார்ந்த வாதம் ஒன்றும் உண்டு. குடியேற்ற நாடுகளில் வந்தவர் யார், இருந்தவர் யார் என்பது தெளிவு. பல்லாயிரம் ஆண்டு இடப்பெயர்வுகளால் ஆன இந்தியாவில் அக்கோட்டைக் கிழிக்க இயலாது என்று 1998இல் எழுதிய கட்டுரையில் ஆந்த்ரே பெத்தேய் ஐயுற்றார். அடுத்த ஆண்டே வர்ஜீனியஸ் காகா இவ்வாதத்தை எதிர்கொண்டார். யார் முதலில் வந்தார் என்னும் காலக்கணக்கைவிட, ஒரு நிலப்பகுதியோடு கொண்ட உறவையும் அடக்குமுறையின் வரலாற்றையும் ‘ஆதிவாசி’ என்னும் தன்னுணர்வையும் கருதவேண்டும் என்பது அவர் வாதத்தின் சாரம். அரசியல் நிர்ணய சபையில் ஜெய்பால் சிங் முண்டா ‘ஆதிவாசி’ என்னும் சொல்லுக்காக வாதிட்டதையும் இங்கு நினைவிற் கொள்ளலாம். அரசமைப்பில் இடம்பெற்றதோ ‘பட்டியல் பழங்குடியினர்’ என்னும் தொடர். அது ஓர் ஆட்சித்துறை வகைப்பாடு. வரலாற்று உரிமை எதையும் அது சுட்டுவதில்லை.

தமிழில் இச்சிக்கல் இன்னொரு வகையில் கூடுகிறது. ‘சுயநிர்ணய உரிமை’ என்னும் தொடர் தமிழ் அரசியல் உரையாடலில் தேசிய இனச் சிக்கலோடு பிணைந்து வளர்ந்தது. திராவிட நாடு கோரிக்கையும் ஈழமும் அதன் பின்புலத்தில் நிற்கின்றன. ஆதலால் அச்சொல்லைக் கேட்டதும் பிரிவினை என்றே நம் செவியும் பொருள் கொள்கிறது. ஐ.நா. பிரகடனமோ 3ஆம் உறுப்பில் இவ்வுரிமையை அறிவித்து, 4ஆம் உறுப்பில் அதனை உள்விவகாரங்களில் தன்னாட்சி என்று விரித்து, 46ஆம் உறுப்பில் நாடுகளின் ஆட்சிப்பரப்பு ஒருமைக்கு ஊறு நேராவண்ணம் வரம்பிடுகிறது. தம் நிலத்தில் நிகழ்வதற்கு ஒப்புதல் அளிக்கவும் மறுக்கவும் உள்ள உரிமையே அதன் நடைமுறை உள்ளடக்கம். இந்தப் பொருளில் அச்சொல்லை எடுத்துக்கொண்டால், இந்தியச் சட்டத்துக்குள் அது வேறு பெயரில் ஏற்கெனவே நுழைந்துவிட்டது என்பது புலப்படும்.

கிராம சபை என்னும் வாயில்

வன உரிமைச் சட்டம் 2007 டிசம்பர் 31 முதல் நடைமுறைக்கு வந்தது. தனிநபர் சாகுபடி நிலத்துக்கான உரிமையே பொதுவெளியில் மிகுதியும் பேசப்படுகிறது. ஆயின் அச்சட்டத்தின் உயிர்நிலை சமூக வன வளத்தைக் காக்கவும் மேலாளவும் உள்ள உரிமையிலும், உரிமைக் கோரிக்கைகளைத் தொடங்கி வைக்கும் அதிகாரத்தைக் கிராம சபைக்கு அளிக்கும் 6ஆம் பிரிவிலும் உள்ளது. வன நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்றுவதற்குக் கிராம சபையின் ஒப்புதல் வேண்டும் என்று 2009 ஆகஸ்டில் சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்ட சுற்றறிக்கை இதற்கு மேலும் வலுவூட்டியது.

இவ்வதிகாரம் எத்துணைத் தொலைவு செல்லக்கூடும் என்பதை நியம்கிரி காட்டியது. ஒடிசாவின் ராயகடா, காலாகாண்டி மாவட்டங்களில் பரந்துள்ள அம்மலை டோங்ரியா கோந்த் மக்களின் தெய்வமான நியம் ராஜாவின் இருப்பிடம். இலாஞ்சிகரில் உள்ள வேதாந்தா நிறுவனத்தின் அலுமினா ஆலைக்காக அதன் உச்சியில் பாக்சைட் வெட்டத் திட்டமிடப்பட்டது. 2013 ஏப்ரல் 18 அன்று உச்ச நீதிமன்றம், அம்மக்களின் சமய, பண்பாட்டு உரிமைக் கோரிக்கைகளைக் கிராம சபைகளே ஆராய வேண்டும் என்றும் மாவட்ட நீதிபதி நிலை அலுவலர் பார்வையாளராக இருக்க வேண்டும் என்றும் ஆணையிட்டது. அவ்வாண்டு சூலை, ஆகஸ்டு மாதங்களில் 12 ஊர்களில் சபை கூடியது. பன்னிரண்டும் சுரங்கத்தை மறுத்தன. 2014 சனவரியில் நடுவண் அரசும் திட்டத்துக்கு இறுதி மறுப்பு தெரிவித்தது. கிராம சபைகளை மீண்டும் கூட்ட வேண்டும் என்ற ஒடிசா தரப்பின் மனுவை 2016இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை.

இத்தீர்ப்பைப் போற்றும் கட்டுரைகள் பல. அவை விரைந்து கடந்துவிடும் ஒரு செய்தியில் இக்கட்டுரை சற்று நிற்க விரும்புகிறது. அந்தப் பன்னிரண்டு ஊர்களைத் தேர்ந்தது மாநில அரசு. மலையைச் சார்ந்து வாழும் ஊர்கள் அதனினும் பல என்பதால், நடுவண் பழங்குடியினர் நல அமைச்சகமே இதற்கு மறுப்பெழுதியது. முடிவு ஒருமனதாக அமைந்ததால் தேர்வின் குறை வெளித்தெரியவில்லை, அவ்வளவே. ஊர்தோறும் கூடாமல், ஆலையை ஒட்டிய மக்களையும் சேர்த்து ஒரே பெருஞ்சபையாகக் கூட்டியிருந்தால் முடிவு எப்படி அமைந்திருக்கும் என்று எண்ணிப்பார்க்கலாம். மலைமீதுள்ள சிற்றூர்களின் ஒருமித்த மறுப்பு அடிவாரத்தின் பெரும்பான்மையில் கரைந்திருக்கக்கூடும். சட்டம் அதுவே, மக்களும் அவர்களே. அலகு மட்டும் வேறு.

ஐந்தாவது அட்டவணைக்கு வெளியே

1996ஆம் ஆண்டின் பெசா சட்டம் ‘ஊர்’ என்பதைக் குடியிருப்பிலிருந்து வரையறுத்தது. தன் மரபுப்படி தன் காரியங்களை நடத்திக்கொள்ளும் ஒரு சமூகத்தின் குடியிருப்போ குடியிருப்புகளின் தொகுதியோ ஊர் எனப்படும். ஆனால் இச்சட்டம் அரசமைப்பின் ஐந்தாவது அட்டவணைப் பகுதிகளுக்கு மட்டும் உரியது. அத்தகைய பகுதிகள் பத்து மாநிலங்களில் உள்ளன. தமிழ்நாடு அவற்றுள் ஒன்றன்று. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்குப் பழங்குடியினர் 7,94,697 பேர், அதாவது 1.1 விழுக்காட்டினர். அவ்வட்டவணை கூறும் பழங்குடியினர் ஆலோசனைக் குழு தமிழ்நாட்டில் உண்டு. பட்டியல் பகுதி என்று ஓர் ஏக்கரும் இல்லை.

ஆகவே தமிழ்நாட்டில் கிராம சபை என்றால் 1994ஆம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டம் காட்டும் சபையே. மாநிலத்தில் ஏறத்தாழ 12,500 ஊராட்சிகளும் 79 ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடியிருப்புகளும் உள்ளன. சராசரியாக ஓர் ஊராட்சிக்குள் ஆறு குடியிருப்புகள். மலையடிவார ஊராட்சி ஒன்றில் சமவெளிக் குடியிருப்புகள் ஐந்தும் பழங்குடிக் குடியிருப்பு ஒன்றும் இருப்பின், காட்டைப் பற்றிய தீர்மானத்தைக் காட்டுக்குள் செல்லாதவர்களே நிறைவேற்றும் நிலை ஏற்படும்.

அகப்பொருள் இலக்கணம் பயின்றோர்க்கு ஒன்று நினைவுக்கு வரலாம். கருப்பொருள்களை வகுத்த இலக்கணிகள் எல்லா நிலத்துக்கும் ஒரே ஊர்ப்பெயரை வைக்கவில்லை. குறிஞ்சிக்குச் சிறுகுடி, மருதத்துக்குப் பேரூரும் மூதூரும், நெய்தலுக்குப் பட்டினமும் பாக்கமும் என்று பிரித்தனர். இன்றும் தோடரின் மந்து, கோத்தரின் கோக்கால், முதுவரின் குடி, கோவை மலையடிவாரத்து இருளரின் பதி என்று குடியிருப்புகளுக்குத் தனிப்பெயர்கள் வழங்குகின்றன. ஊராட்சிச் சட்டம் மருதத்து மூதூரை அச்சாகக் கொண்டு மலைகளையும் வார்த்தெடுத்தது என்பது மிகைக்கூற்றாகாது.

வன உரிமைச் சட்டத்தை இயற்றியோர் இதனை உணராமலில்லை. அதன் 2ஆம் பிரிவு, பட்டியல் பகுதிக்கு வெளியே ஊராட்சிச் சட்டம் குறிக்கும் ஊரை ஏற்பதோடு, வனக் கிராமங்களையும் பழைய குடியிருப்புகளையும் அளக்கப்படாத ஊர்களையும், அவை அறிவிக்கை பெற்றிருப்பினும் இல்லாவிடினும், ‘ஊர்’ என்றே ஏற்கிறது. 2012 சூலையில் நடுவண் பழங்குடியினர் நல அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டுதல்களும் சபையை ஊராட்சி அளவில் கூட்டாமல் குடியிருப்பு அளவில் கூட்டும்படி கூறின. அவ்வாண்டு திருத்தப்பட்ட விதிகள், சபை உறுப்பினருள் பாதிப்பேரேனும் வந்திருக்க வேண்டும், வந்தோருள் மூன்றில் ஒரு பங்கினர் பெண்களாக இருக்க வேண்டும் என்று வரையறுக்கின்றன. பல்லாயிரம் வாக்காளர் கொண்ட ஊராட்சியில் பாதிப்பேரைக் கூட்டுவது இயலாத செயல். நாற்பது வீட்டுப் பதியில் அது ஒரு மாலைப்பொழுதின் வேலை. விதியே குடியிருப்பை மனத்திற்கொண்டுதான் எழுதப்பட்டிருக்கிறது.

எனினும் தமிழ்நாட்டில் இச்சட்டம் நெடுங்காலம் முடங்கியே கிடந்தது. 2008இல் சென்னை உயர் நீதிமன்றம் பிறப்பித்த இடைக்கால ஆணை உரிமை ஆவணம் வழங்குவதைத் தடுத்தது; 2016இல் உச்ச நீதிமன்றம் அதனை நீக்கிய பின்னரே வழி திறந்தது.

கூடலூரின் சிக்கல்

நீலகிரி மாவட்டத்தில் இக்கேள்வி மேலும் கூர்மையடைகிறது. அங்கு ஊராட்சிகள் 35 மட்டுமே. எஞ்சிய பகுதிகள் நகராட்சிகளும் பேரூராட்சிகளும் ஆகும். பணியர், காட்டுநாயக்கர் குடியிருப்புகள் பல நெல்லியாளம் நகராட்சியிலும் தேவர்சோலை, ஓவேலி பேரூராட்சிகளிலும் அடங்குகின்றன. ஊராட்சியே இல்லாத இடத்தில் ஊராட்சிச் சட்டத்தின் கிராம சபை ஏது? அங்கு 2ஆம் பிரிவின் ‘பழைய குடியிருப்பு’ என்னும் சொல் ஒன்றே அம்மக்களுக்குப் பற்றுக்கோடு.

கூடலூரின் நிலவரலாறும் எளிதன்று. நிலம்பூர் கோவிலகத்தின் ஜன்ம நிலங்களை ஒழிக்க 1969இல் சட்டம் வந்தது. அதன் 17ஆம் பிரிவில் அடங்கிய குத்தகை நிலங்கள் பல பத்தாண்டுகள் வழக்கில் கிடந்தன. நாட்டின் வன நிர்வாகத்தையே மாற்றிய கோதவர்மன் வழக்கு 1995இல் எழுந்தது இங்குள்ள மரவெட்டை முன்னிட்டுத்தான். இந்நிலப்பரப்பில் பணியர் நெடுங்காலம் பிறர் வயல்களில் உழைப்பாளிகளாக இருந்தனர். தொன்மையான குடிகளே எனினும் பட்டியல் பழங்குடியில் இடம்பெறாத மவுண்டாடன் செட்டி சமூகத்தினர் அவ்வயல்களின் உடைமையாளர்களுள் அடங்குவர். வேலை தருபவரும் வேலை பெறுபவரும் ஒரே சபையில் கையுயர்த்தும்போது, பின்னவரின் ஒப்புதலைத் தன்னுரிமையுடன் வழங்கப்பட்ட ஒப்புதல் என்று கொள்வது கடினம். 2006இல் திருத்தப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் புலிகள் காப்பகத்திலிருந்து இடம்பெயர்க்கவும் கிராம சபையின் ஒப்புதலைக் கேட்கிறது. நிலத்துக்கு இழப்பீடு பெறுவோரின் ‘சரி’யும், நிலமின்றிப் போகப்போவோரின் ‘சரி’யும் ஒன்றல்ல.

மூன்றாவது தரப்பு ஒன்றும் உண்டு. 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 மலையகத் தமிழரை இந்தியா ஏற்க வழிசெய்தது. அவர்களுக்கு வேலையளிக்க 1968இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டத் திட்டமே இன்றைய டேன்டீ. வன நிலம் அழிக்கப்பட்டு அத்தோட்டங்கள் உருவாயின. பழங்குடியல்லாத வனவாசிகள் 2005 டிசம்பர் 13க்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, வாழ்ந்திருக்க வேண்டும் என்கிறது வன உரிமைச் சட்டம். 1964க்குப்பின் கப்பலேறி வந்தவர் 1930இலிருந்து வாழ்ந்ததாக எங்ஙனம் மெய்ப்பிப்பார்? இவர்களின் நிலமின்மையும் மெய்யானது. ஆயின் அது இரு அரசுகள் செய்த ஒப்பந்தத்தால் விளைந்த கடன். டேன்டீ நிலங்களிலிருந்தும் வருவாய்த்துறை வழியாகவும் தீர்க்கப்பட வேண்டியது. அதனைப் பழங்குடியின் வன உரிமையோடு ஒரே சபையில் கலப்பது, இழந்தவர் இருவரை ஒருவர்க்கெதிராக ஒருவர் வாக்களிக்கச் செய்வதாகும். குடியிருப்பளவில் சபையைக் கூட்டுவது பழங்குடிக்குச் செய்யும் சலுகை என்று வாதிடுவோர் இதனையும் கருதவேண்டும்.

எதிர்வாதங்கள்

குடியிருப்பையே அலகாக்கினால் மூப்பன், தலைவன் போன்ற மரபுத் தலைமையின் ஆண் ஆதிக்கம் சட்ட ஏற்புப் பெறும் என்பது ஓர் எதிர்வாதம். இது புறந்தள்ளத்தக்கதன்று. ஆனால் வன உரிமைச் சட்டம் மரபுத் தலைமைக்கு அதிகாரம் அளிக்கவில்லை. வயதுவந்தோர் அனைவரும் அடங்கிய சபைக்கு அளிக்கிறது. வன உரிமைக் குழுவிலும் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும். சிற்றூர்தோறும் சபை கூடினால் காடு துண்டாடப்படும் என்பது மற்றொன்று. காட்டின் எல்லையைச் சபை வகுப்பதில்லை. மரபாகப் பயன்படுத்திய பரப்பை வரைபடமாக்கி முன்வைக்கிறது. இறுதி முடிவு ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழுவிடமே உள்ளது. உண்மையில் அஞ்சத்தக்கது அதிகாரத்தின் மிகுதியன்று, அதன் தேய்வே. 2022ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்பு விதிகள், நடுவண் அரசு இறுதி ஒப்புதல் வழங்கிய பின்னர் வன உரிமைகளைத் தீர்வு செய்யும் பொறுப்பை மாநில அரசிடம் விட்டுவிட்டன. திட்டம் முடிவாகிய பின் கேட்கப்படும் சபையால் மறுக்க இயலுமா என்பது ஐயமே.

தமிழ்நாட்டில் செய்யக்கூடியது தெளிவாகவே உள்ளது. மந்து, கோக்கால், குடி, பதி என ஒவ்வொரு குடியிருப்பையும் வன உரிமைச் சட்டத்தின் 2ஆம் பிரிவுப்படி ‘ஊர்’ என்று மாவட்டவாரியாகப் பட்டியலிட்டு, பேரூராட்சி, நகராட்சி எல்லைக்குள் உள்ளவற்றையும் சேர்த்து, அரசாணையாக வெளியிடலாம். இதற்குச் சட்டத்திருத்தம் வேண்டியதில்லை. ஐந்தாவது அட்டவணையில் சேரும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. அப்பட்டியலின் முதல் வரைவை எழுதுவது வனத்துறையா, வருவாய்த்துறையா, குடியிருப்பு மக்களே கூடியா என்பதில்தான் இனி விவாதம் நிகழவேண்டும்.