பழ ஈயின் பெயரும் பீடைப் பதிவும்

பாகல், புடோல், பீர்க்கு, பூசணி ஆகிய கொடிகளிற் பிஞ்சு வெம்பி, வளைந்து, அழுகி வீழ்தல் வன்னிக் கமக்காரர் நன்கறிந்த இடராகும். வீழ்ந்த பிஞ்சைப் பிளந்து பார்த்தால் வெண்ணிறப் புழுக்கள் நெளியும். இதனைச் செய்வது பழ ஈ என்பர். மாம்பழத்தைக் கெடுப்பதும் பழ ஈ என்றே சொல்வர். ஆயின் இவை வேறு வேறு ஈக்கள்.

கொடிக் காய்களைப் பெரிதுங் கெடுப்பது பூசணி ஈ. மாவையும் கொய்யாவையும் பெரிதுங் கெடுப்பது கீழைத்தேயப் பழ ஈ. பின்னதன் ஆண் ஈக்கள் மெதையில் இயூசினோல் என்னும் கவர்பொருளை நாடி வரும். பூசணி ஈயோ அதனை நாடாது. அதன் ஆண் ஈக்களுக்குக் கியூலூர் என்னும் வேறொரு பொருள் வேண்டும். ஆகவே மாந்தோப்புக்கு உதவிய பொறியைப் பாகற் பந்தலிலே தொங்கவிட்டு, ஈ விழவில்லை என்று ஆறுதல் கொள்பவர் அறுவடையின்போதே உண்மையை அறிவர்.

வேறுபாடு அறிதல் கடினமன்று. பூசணி ஈ செம்மஞ்சள் கலந்த கபில நிறமுடையது. அதன் முதுகில் மூன்று மஞ்சட் கோடுகள் உள; சிறகின் நுனியிற் கரும்புள்ளியும் சிறகின் குறுக்கே கருங்கீற்றும் தோன்றும். கீழைத்தேயப் பழ ஈயின் முதுகில் இரு பக்கத்துக் கோடுகளே உண்டு, நடுக்கோடு இல்லை. சிறகும் பெரும்பாலும் தெளிவாயிருக்கும்.

இக்காலத்திற் பீடைகள் பற்றிய குறிப்புகள் கணினியிற் பதியப்படுகின்றன. எவ்வூரில், எம்மாதத்தில், எப்பயிரில் எப்பூச்சி தோன்றியது என்பதைப் பல ஆண்டுகளுக்கு ஒப்பிட்டாலன்றி, வரும் போகத்துக்கு முன்னறிவித்தல் இயலாது. கணினியோ பூச்சியைக் காண்பதில்லை, பெயரையே காண்கின்றது. பூசணி ஈக்கு 1899 ஆம் ஆண்டில் இடப்பட்ட விஞ்ஞானப் பெயர் டாக்கசு குக்கர்பிற்றே என்பது. பின்னர் அது பற்றோசெரா குக்கர்பிற்றே ஆயிற்று. 2015 ஆம் ஆண்டு முதல் சியூகோடாக்கசு குக்கர்பிற்றே என வழங்குகின்றது. ஒரே ஈக்கு மூன்று பெயர்கள். புதுப் பெயரை மட்டும் இட்டுத் தேடுபவருக்குப் பழைய பதிவுகள் அகப்படா. முன்பு இவ்வீ இங்கு இருந்ததேயில்லை எனவும் அவர் எண்ணக்கூடும். இதன்பொருட்டே ஐரோப்பிய, மத்தியதரைத் தாவரப் பாதுகாப்பு அமைப்பு ஒவ்வொரு பூச்சிக்கும் ஆறெழுத்துக் குறி ஒன்றை வழங்கியுள்ளது. பூசணி ஈயின் குறி டி, ஏ, சி, யூ, சி, யூ என்பது. முதற் பெயரின் எழுத்துக்களே அவை. பெயர் மாறியபோதும் குறி மாறவில்லை.

இரு பெயர்கள் ஒன்றாதலும் உண்டு. 2003 ஆம் ஆண்டில் கென்யாவிற் கண்டறியப்பட்ட பழ ஈ ஒன்றுக்கு 2005 இல் பற்றோசெரா இன்வேடென்சு எனப் பெயரிட்டனர். அதன் தாயகம் இலங்கை எனவுங் கருதினர். 2015 இல் அது கீழைத்தேயப் பழ ஈயே என முடிவாயிற்று. இத்தகைய மாற்றத்தைக் கணினி எளிதிற் செய்துவிடும். இரு பெட்டிகளை ஒரு பெட்டியிற் கொட்டுவது போன்றது அது. பிரித்தல்தான் அரிது. 1994 இல் இலங்கையின் பழ ஈ ஒன்று பற்றோசெரா கண்டியென்சிசு எனத் தனிப் பெயர் பெற்றது. அதற்கு முன் கீழைத்தேயப் பழ ஈ எனப் பதியப்பட்டவற்றுள் எது எதுவென்று இன்று எவ்வாறு கூறுவது? ஈயின் உடல் பேணி வைக்கப்பட்டிருந்தாற் கூறலாம். பெயர் மாத்திரம் எஞ்சியிருந்தால் எந்தக் கணினியாலும் ஆகாது.

ஊர்ப் பெயர்களும் இத்தகையனவே. நெல் நாற்றைக் கூட்டமாய் வந்து தின்னும் புழுவும் படைப்புழு. 2018 இல் இலங்கைக்கு வந்து சோளத்தை அழித்த புழுவும் படைப்புழு. முன்னதை நாற்றுமேடையில் நீர் கட்டி மிதக்கவிட்டு அகற்றலாம். பின்னது சோளக் குருத்தினுள்ளே ஒளிந்திருப்பது. அதற்கு நீர் கட்டிப் பயனில்லை. பின்னதன் தலையிலே தலைகீழான வை எழுத்துப் போன்ற வெண்கோடும், வாற்பக்கத்திற் சதுரமாய் நான்கு கரும்புள்ளிகளும் உண்டு.

ஆகவே பீடை பற்றி விவசாயப் போதனாசிரியரிடம் வரும்போது பெயரை மட்டுங் கொண்டு வராது, பூச்சியையுங் கொண்டு வருக. பழ ஈயின் புழுவைப் பார்த்து இனங் கூறல் எளிதன்று. புழு விழுந்த பிஞ்சை ஈரமணல் இட்ட போத்தலில் வைத்து, வாயை மெல்லிய துணியாற் கட்டி, நிழலில் வைக்க. ஏறக்குறைய இரண்டு கிழமையில் ஈ வெளிவரும். வந்தவுடன் கொல்லாது, நிறம் முதிர ஓரிரு நாள் விட்டு, பின்னர் மருந்துக் கடை ஸ்பிரிற்றில் இடுக. பென்சிலால் எழுதிய துண்டொன்றிற் பயிர், ஊர், திகதி, நீர் வழங்கும் பெயர் ஆகியவற்றைக் குறித்து அப்போத்தலினுள்ளேயே போடுக. மையால் எழுதியது ஸ்பிரிற்றிற் கரைந்துபோம்.