கீழ்வாய் இலக்கமும் மிதவைப் புள்ளியும்

பாலக்காட்டு மாவட்டத்துச் சித்தூர் வட்டமும், இடுக்கி மாவட்டத்துத் தேவிகுளம், பீர்மேடு வட்டங்களும் தமிழும் மலையாளமும் அருகருகே வழங்கும் பகுதிகள். இவ்விரு மொழிகளின் பழங்கணக்கிலும் பின்னப் பெயர்கள் பெரிதும் ஒன்றே. மா என்பது 1/20, காணி 1/80. தமிழில் அதற்கும் கீழே முந்திரி, 1/320. மா, காணி வழிவந்த மலையாளப் பின்னக் குறிகள் 2016இலும் தமிழ்க் குறிகள் 2019இலும் யூனிக்கோடு தரத்தில் இடம்பெற்றன. பழைய ஆவணங்களைப் பெயர்த்தெழுதுவோர் இக்குறிகளைக் கணிப்பொறியில் எண்களாக மாற்றுங்கால் ஒரு சிக்கல் எழுகின்றது.

கணிப்பொறி இரண்டின் அடுக்குகளால் எண்ணுவது. ஆகவே அரை, கால், அரைக்கால், வீசம் ஆகியவை அதில் மிச்சமின்றி அடங்கும். மாவின் பகுதியிலோ ஐந்து என்னும் காரணி உள்ளது. காணிக்கும் முந்திரிக்கும் அஃதே. இவற்றின் இருமவடிவம் முடிவின்றி நீளும். 64 பிட்டுக்குள் அடக்க அதனை எங்கேனும் முழுமையாக்கியே தீரவேண்டும். விளைவு வியப்புக்குரியது. இருமாவும் நாலுமாவும் கூடினால் காலே ஒருமா என்பது திண்ணைப் பள்ளி மாணவனும் அறிந்த கணக்கு. மிதவைப் புள்ளி முறையில் 0.1, 0.2 ஆகியவற்றின் கூட்டுத்தொகை 0.30000000000000004 என வரும், 0.25, 0.05 ஆகியவற்றின் தொகையோ 0.3 என்றே வரும். இரண்டும் சமமா எனக் கேட்டால் 'அல்ல' என்பதே கணிப்பொறியின் விடை. அகராதித் தரவில் குறியைத் தேடும் நிரல் இங்கேதான் தவறுகின்றது.

இது சிறு பிழை எனத் தள்ளத்தக்கதன்று. 1991 பிப்ரவரி 25 அன்று தஹ்ரானில் பேட்ரியட் ஏவுகணை அமைப்பு தவறியதற்கு, பத்தில் ஒரு வினாடியை, அதாவது நம் இருமாவை, 24 பிட்டில் வெட்டிவைத்ததே காரணம். ஏறத்தாழ 100 மணி நேரத்தில் பிழை 0.34 வினாடியாக வளர்ந்தது. 28 படைவீரர் மாண்டனர்.

கலைச்சொல்லாக்கத்திலும் ஒரு குழப்பம் உண்டு. எத்தனை இலக்கம் வரை எழுதப்படுகின்றது என்பதையும், உண்மை மதிப்புக்கு எவ்வளவு அண்மையது என்பதையும் 'துல்லியம்' என்னும் ஒரே சொல்லால் குறிப்பது பொருந்தாது. மேற்காட்டிய விடையில் பதினேழு தசம இலக்கங்கள் உள்ளன. உண்மை மதிப்போ ஓரிலக்கத்தில் முடிவது. முன்னதை 'நுண்மை' எனவும் பின்னதை 'துல்லியம்' எனவும் பிரித்து வழங்குதல் நன்று.

யூனிக்கோடு தரவுக் கோப்பு முந்திரியின் மதிப்பைத் தசமமாகவும் விகிதமாகவும் தருகின்றது. விகிதத்தையே கொள்ளுதல் தகும். எல்லாவற்றையும் முந்திரியாக்கினால் இருமா 32, நாலுமா 64, ஆக 96. கால் 80, ஒருமா 16, ஆக 96.