ஏரிக்கரை ஏறாமல் பேச

திருத்தணியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். 2025 டிசம்பர் 24 காலை ஸ்ரீஹரிகோட்டாவில் கிளம்பிய ராக்கெட்டை டிவியில் பார்த்தாராம். "போன் பேசுவதற்கான செயற்கைக்கோள் என்றார்கள். பள்ளிப்பட்டுப் பக்கம் மலைக்குப் பின்னால் அம்மா இருக்கும் மாந்தோப்பில் சிக்னல் கிடையாது. பேச வேண்டுமானால் ஏரிக்கரை மேல் ஏறி நிற்கிறார். அவர் கையில் இருக்கும் போனிலேயே இது எடுக்குமா?"

கடிதத்தைப் படித்ததிலிருந்து அந்த ஏரிக்கரை என் மனதை விட்டுப் போகவில்லை.

அன்று எல்.வி.எம்.3 ராக்கெட் தூக்கிச் சென்றது அமெரிக்காவின் ஏஎஸ்டி ஸ்பேஸ்மொபைல் நிறுவனத்தின் புளூபேர்ட் பிளாக்-2. எடை ஏறத்தாழ 6,100 கிலோ. நம் மண்ணிலிருந்து எந்த ராக்கெட்டும் அதுவரை இவ்வளவு பாரத்தை ஏற்றியதில்லை. திருத்தணி மலையிலிருந்து நேர்கோட்டில் அளந்தால் ஏவுதளம் தொண்ணூறு கிலோமீட்டர்தான்.

செயற்கைக்கோள் வழியாகப் பேசுவது நமக்குப் புதிதல்ல. எண்பதுகளின் கடைசியில் என் அண்ணன் மஸ்கட்டில் இருந்தார். பக்கத்து வீட்டுப் போனுக்கு அழைப்பு வரும். அம்மா "நல்லா இருக்கியாப்பா?" என்பார். அரை வினாடிக்குச் சத்தமே இருக்காது. பிறகுதான் "நல்லா இருக்கேம்மா" வரும். 'யோசிச்சு யோசிச்சுப் பேசறான், எதையோ மறைக்கிறான்' என்று அன்றிரவு முழுக்கத் தூங்கமாட்டார். அண்ணன் எதையும் மறைக்கவில்லை. அந்த அழைப்பைச் சுமந்த செயற்கைக்கோள் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருந்தது. அம்மாவின் கேள்வி மேலே ஏறி இறங்கக் கால் வினாடி, பதில் ஏறி இறங்க இன்னொரு கால் வினாடி. ஒளியின் வேகத்தில் போனாலும் அவ்வளவு நேரம் ஆகும்.

புளூபேர்ட் சுற்றுவது ஏறத்தாழ 520 கிலோமீட்டரில். அந்த மௌனம் இதில் இல்லை. ஆனால் வேறு சிக்கல். நம் கைப்போன் பேசும்போது வெளியே விடும் சக்தி ஒரு வாட்டில் ஐந்தில் ஒரு பங்குதான். அந்த முனகல் அவ்வளவு உயரத்தில் கேட்க வேண்டுமானால், கேட்கும் காது பெரிதாக இருந்தாக வேண்டும். எனவே இதன் ஆன்டெனா 2,400 சதுர அடி. மனை வாங்கியவர்களுக்குச் சட்டென்று புரியும்: சரியாக ஒரு கிரவுண்டு! அதை மடித்து ராக்கெட்டில் வைத்து, மேலே போனபின் விரிக்கும்படி செய்திருக்கிறார்கள்.

என்னை அதைவிட ஈர்த்தது இன்னொன்று. பழைய 2ஜி போனுக்கு, தன் கோபுரம் 35 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்க முடியாது என்பது விதி. ஆடிக்கிருத்திகை அன்று திருத்தணிப் படிகளில் இதை நினைத்துப் பாருங்கள். மேலே இருப்பவர் கைகாட்ட, படி நெடுகிலும் எல்லோரும் ஒரே நேரத்தில் "அரோகரா" சொன்னாலும், அடிவாரத்தின் குரல் உச்சிக்குத் தாமதமாகத்தான் வந்து சேரும். எல்லாக் குரலும் உச்சியில் ஒன்றாகச் சேர வேண்டுமானால், கீழே இருப்பவர் கொஞ்சம் முந்தியே ஆரம்பிக்க வேண்டும். கோபுரமும் தொலைவில் உள்ள போனிடம் "நீ இவ்வளவு முந்திப் பேசு" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது. அப்படிச் சொல்ல அதனிடம் இருப்பவை 63 படிகள். படிக்கு 550 மீட்டர். அதற்கு மேல் சொல்ல எண் இல்லை.

ஏன் இந்தக் கண்டிப்பு? 2ஜியில் எட்டுப் பேர் ஒரே அலைவரிசையில் மாற்றி மாற்றிப் பேசுகிறார்கள். ஒருவரின் முறை ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. தலைக்கு நேர் மேலே 520 கிலோமீட்டருக்குப் போய்வரும் நேரத்தில் ஆறு முறைகள் கடந்துவிடும். உங்கள் பேச்சு இன்னொருவரின் முறையில் போய் விழும். 4ஜியில் எல்லை சுமார் நூறு கிலோமீட்டர் வரை நீள்கிறது, அப்போதும் போதாது. ஆகவே, செயற்கைக்கோள் தரையில் எந்த வட்டத்தைப் பார்க்கிறதோ அதன் நடுப்புள்ளிக்கு ஆகும் நேரத்தை ஏஎஸ்டி நிறுவனத்தாரே கணக்கிட்டுக் கழித்துவிடுகிறார்கள். மிச்சமிருக்கும் சின்ன வித்தியாசம்தான் போனுக்குத் தெரியும். வினாடிக்கு ஏழரைக் கிலோமீட்டர் வேகத்தில் பறப்பதால் மாறும் அலைநீளத்தையும் அப்படியே சரிசெய்கிறார்கள். கைப்போனில் ஒரு திருகாணியையும் மாற்ற வேண்டாம். 2023-இல் டெக்சாஸிலிருந்து ஜப்பானுக்கு, கடையில் வாங்கிய சாம்சங் போனிலேயே இப்படிப் பேசிக் காட்டிவிட்டார்கள்.

எனக்குள்ள கவலை விலை பற்றியது. 1998-இல் 66 செயற்கைக்கோள்களோடு இரிடியம் என்ற போன் சேவை வந்தது. கருவி மட்டும் மூவாயிரம் டாலர். வாங்க வசதியுள்ளவர்கள் ஊரில் கோபுரம் இருந்தது. கோபுரம் இல்லாத ஊர்க்காரரிடம் பணம் இல்லை. அடுத்த ஆண்டே நிறுவனம் திவாலானது. இங்கே பாரத் நிர்மாண் திட்டத்தில் 14,183 தொலைதூரக் கிராமங்களுக்குச் செயற்கைக்கோள் போன் என்று ஒதுக்கினார்கள். ஊருக்கு ஒன்றாவது வேண்டும் என்ற அந்த எண்ணத்தை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனாலும் 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் வந்தபோது ஆழ்கடலிலிருந்த குமரி மீனவர்களுக்குச் சேதி சொல்ல வழியில்லை. கரை தாண்டிப் பேசும் நுட்பம் அப்போதும் உலகத்தில் இருந்தது. அவர்கள் படகில் இல்லை.

எல்லையூர்க்காரர்களுக்கு இன்னொரு அனுபவமும் உண்டு. ரோமிங் கட்டணம் இருந்த காலத்தில் திருத்தணியில் ஓர் உறவினர் வீட்டில் தங்கியிருந்தேன். திண்ணையில் இருந்தால் தமிழ்நாட்டு டவர், கொல்லைப்புறம் போனால் ஆந்திரா டவர். வந்த அழைப்புக்கெல்லாம் பணம் பிடித்துவிட்டார்கள். செயற்கைக்கோள் பார்க்கும் வட்டம் ஆந்திராவின் நகரியையும் திருத்தணியையும் ஒன்றாகத்தான் மூடும். மேலிருந்து எடுத்த அழைப்புக்குத் தனிக் கட்டணம் என்று எழுதும் முன், கட்டணம் வகுப்பவர்கள் இப்படிப்பட்ட வீடுகளை நினைக்க வேண்டும். மலை மறைப்பதற்கு அந்த அம்மா ஏன் கூடுதலாகக் கொடுக்க வேண்டும்?

வாசகிக்கு என் பதில்: அம்மாவின் போன் 4ஜி என்றால் கருவியளவில் தடையில்லை. வோடஃபோன் ஐடியா 2025 ஜூனில் ஏஎஸ்டி நிறுவனத்தோடு கூட்டு அறிவித்திருக்கிறது. ஆனால் ஒரு செயற்கைக்கோள் மாந்தோப்புக்கு மேல் சில நிமிடங்கள்தான் தென்படும். பேச்சு அறாமல் இருக்க, ஒன்று மறைய அடுத்தது வரும்படி டஜன் கணக்கில் வேண்டும். அதுவரை பஞ்சாயத்திலும் போன் நிறுவனத்திலும் கோபுரம் கேட்டு எழுதிக்கொண்டே இருங்கள். மழைக்காலத்தில் ஏரிக்கரை வழுக்கும். அம்மாவை இருட்டுவதற்குள் பேசிவிட்டு இறங்கச் சொல்லுங்கள்.