ஒரே துளை, இரண்டு கணக்கு

வண்டலூரிலிருந்து ஒரகடம் வழியாக வாலாஜாபாத் போகும் சாலையில், பெட்ரோல் பங்க் ஓரமாகப் புகைப் பரிசோதனை வேன்கள் நிற்கும். காரின் சைலன்சருக்குள் ஒரு குழாயை நுழைக்கிறார்கள். சற்று நேரத்தில் சான்றிதழ் அச்சாகி வந்துவிடுகிறது. பெட்ரோல் வண்டி என்றால், அந்தக் குழாய் போய்ச் சேரும் பெட்டிக்குள் ஒரு முனையில் அகச்சிவப்பு விளக்கு, மறுமுனையில் அந்த ஒளியை அளக்கும் உணரி, நடுவில் புகை. ஒவ்வொரு வாயுவும் தனக்கென்று சில அலைநீளங்களை விழுங்கும். எவ்வளவு ஒளி குறைந்தது என்று தெரிந்தால் எவ்வளவு வாயு என்று சொல்லிவிடலாம். ஒரகடத்தில் இருக்கும் குளோபல் ஆட்டோமோட்டிவ் ரிசர்ச் சென்டர் போன்ற சோதனைக்கூடங்களில், உருளைகளின்மேல் காரை ஓடவிட்டு கிலோமீட்டருக்கு இத்தனை கிராம் கரியமில வாயு என்று கணக்கிடுவதும் இதே தத்துவத்தில்தான்.

காட்டின் மூச்சை அளக்கவும் இதே பெட்டிதான் பயன்படுகிறது. அது பிறந்த இடமே தொழிற்சாலை. கரியமில வாயுவும் நீராவியும் வெப்பக் கதிர்களை விழுங்கும் என்று 1859-ல் ஜான் டிண்டல் காட்டினார். அதைக் கொண்டு தொடர்ந்து அளக்கும் கருவியை 1938-ல் உருவாக்கியவர்கள் ஜெர்மனியின் ஐ.ஜி. ஃபார்பென் வேதியியல் நிறுவனத்தில் இருந்த லேரரும் லுஃப்டும். ஆலைக்குள் ஓடும் வாயுக்களைக் கண்காணிப்பதுதான் அவர்கள் நோக்கம். இருபது ஆண்டு கழித்து, 1958-ல், சார்லஸ் கீலிங் இந்த வகைக் கருவி ஒன்றை ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலைக்கு எடுத்துப் போனார். உலகத்தின் காற்றில் கரியமில வாயு ஏறிக்கொண்டே போவதை நாம் அறிந்தது அப்படித்தான்.

காருக்கு ஒரு சைலன்சர்தான் உண்டு. காட்டுக்கு எங்கே குழாயை நுழைப்பது? பகலில் இலைகள் கரியமில வாயுவை எடுத்துக்கொள்கின்றன. அதே நேரத்தில் வேர், தண்டு, மட்கும் சருகு, மண்ணுக்குள் இருக்கும் நுண்ணுயிர் எல்லாம் அதை வெளியே விடுகின்றன. ஓர் இலையைக் கண்ணாடிக் கூண்டுக்குள் அடைத்து அளக்கலாம். ஆனால் ஓர் இலையைக் கோடி இலைகளால் பெருக்கினால் காடு வந்துவிடாது. நிழல் இலை, வெயில் இலை, கிழட்டு இலை என்று ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு சுபாவம்.

இதற்கு வழி, காட்டை விட்டுவிட்டுக் காற்றைக் கவனிப்பது. மரங்களின் தலைக்கு மேலே காற்று நேர்கோட்டில் போவதில்லை. சுழிசுழியாகப் புரண்டு போகிறது. ஒரு சுழி கீழே இறங்கும், அடுத்த நொடி இன்னொன்று மேலே ஏறும். ஷிப்ட் மாறும் நேரத்தில் ஒரகடம் தொழிற்சாலை வாசலில் நின்று கம்பெனி பஸ்களை எண்ணுவதாக வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே போகும் பஸ்ஸில் இத்தனை பேர், வெளியே வரும் பஸ்ஸில் இத்தனை பேர் என்று குறித்துக்கொண்டால் போதும். உள்ளே எத்தனை பேர் தங்கினார்கள் என்று ஆலைக்குள் காலடி வைக்காமலே சொல்லிவிடலாம். பகலில் காட்டுக்குள் இறங்கும் சுழியில் கரியமில வாயு கொஞ்சம் கூடுதலாக இருக்கும். ஏறி வரும் சுழியில் கொஞ்சம் குறைவாக இருக்கும். அந்த வித்தியாசம்தான் காடு எடுத்துக்கொண்டது. நீராவிக்குக் கணக்கு தலைகீழ்: ஏறும் சுழியில் ஈரம் அதிகம்.

சொல்ல எளிது. காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்தில் சுமார் 420 பங்கு. ஏறும் சுழிக்கும் இறங்கும் சுழிக்கும் உள்ள வித்தியாசமோ பெரும்பாலும் அதில் ஓரிரண்டு பங்குதான். அதையும் நொடிக்குப் பத்து முறையாவது பிடிக்க வேண்டும். அதனால் மரங்களைவிட உயரமான ஒரு கோபுரத்தை நிறுத்தி, அதன் உச்சியில் இரண்டு கருவிகளை அருகருகே வைக்கிறார்கள். ஒன்று ஒலியால் காற்றை அளப்பது. எதிரெதிர் முனைகளுக்கிடையே ஒலி போய்ச்சேரும் நேரத்தைக் காற்று கூட்டும் அல்லது குறைக்கும். மூன்று ஜோடி முனைகள் இருந்தால் மேல், கீழ், பக்கவாட்டு என எல்லாத் திசை வேகமும் கிடைத்துவிடும். மற்றொன்று நம் அகச்சிவப்புப் பெட்டி. நொடிக்குப் பத்து வீதம் அரைமணி நேரத்துக்கு 18,000 ஜோடி எண்கள். ஒவ்வொரு ஜோடியிலும் இரண்டு எண்களும் தத்தம் சராசரியிலிருந்து விலகும் அளவைப் பெருக்கி, அந்தப் பெருக்கல்களின் சராசரியை எடுத்தால் ஒரே ஓர் எண் வரும். எடி கோவேரியன்ஸ் என்று இதற்குப் பெயர். ஆஸ்திரேலியாவில் ஸ்வின்பேங்க் 1951-லேயே இதை வெப்பத்துக்கும் நீராவிக்கும் செய்து காட்டிவிட்டார். ஆனாலும் வேகமான கருவிகளும் கணினியும் வரும்வரை வருடம் முழுக்க அளப்பது யாராலும் முடியவில்லை. அமெரிக்காவின் ஹார்வர்டு காட்டில் 1990-களின் தொடக்கத்திலிருந்து இந்த எண்கள் விடாமல் வந்துகொண்டிருக்கின்றன.

இந்த எண்ணை அப்படியே நம்பிவிடவும் முடியாது. கணக்கைக் குழப்புவதில் முதல் ஆள் வெப்பம். சூடான காற்று விரியும், நீராவி கலந்த காற்றும் விரியும். விரிந்த காற்றில் ஒரு லிட்டருக்குக் கரியமில வாயு தானாகவே குறைவாகத் தெரியும். இலை எதையும் எடுக்காமலே எடுத்தது போல ஒரு தோற்றம். பாலைவனத்தில் கருவியை நட்டால்கூட அந்த மணல் ஒளிச்சேர்க்கை செய்கிறது என்று அது சொல்லும்! இதைச் சரிசெய்யும் வழியை வெப், பியர்மேன், லூனிங் என்ற மூவர் 1980-ல் எழுதினார்கள். இன்றைக்கும் இந்த விரிவைக் கணக்கில் எடுக்காமல் ஒரு கோபுரத்தின் எண்ணை நம்ப முடியாது.

அடுத்த தொல்லை இரவு. காற்று அசையாத இரவில் காடு விடும் கரியமில வாயு மரங்களுக்கடியிலேயே தேங்கிக் கிடக்கும். கோபுர உச்சியில் ஒன்றும் பதிவாகாது. மூச்சே விடாத காடு போலத் தெரியும். விடிந்து வெயில் ஏறியதும் தேங்கியதெல்லாம் ஒரே மூச்சில் கிளம்பும்; சரிவான நிலமாக இருந்தால் இரவோடு இரவாகப் பள்ளத்தில் வழிந்து கணக்கிலிருந்தே போய்விடும். காற்றோட்டம் ஒரு அளவுக்குக் கீழே இறங்கிய இரவுகளின் எண்களை ஆய்வாளர்கள் தள்ளிவிட்டு, காற்று வீசிய இரவுகளைக் கொண்டு அந்த இடத்தை நிரப்புகிறார்கள். ‘காடு இத்தனை டன் உறிஞ்சியது’ என்று செய்தியில் வரும் ஒற்றை எண்ணுக்குப் பின்னால் இவ்வளவு தள்ளலும் நிரப்பலும் உண்டு. அதனால் அது பொய்யாகிவிடாது. ஆனால் கடைசி இலக்கம்வரை நம்புகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பயம்தான்.

அளவு புரிய ஒரு சிறு கணக்கு. செழிப்பான காடு நடுப்பகலில் சதுர மீட்டருக்கு நொடிக்கு 20 மைக்ரோமோல் கரியமில வாயு எடுப்பது சாதாரணம். ஒரு ஹெக்டேருக்கு மணிக்குச் சுமார் 32 கிலோ. கிலோமீட்டருக்கு 120 கிராம் விடும் கார் 260 கிலோமீட்டர் ஓடினால் விடும் அளவு அது. கேட்கப் பிரமாதமாக இருக்கும். ஆனால் இரவையும் இலையுதிரும் மாதங்களையும் கழித்தபின் ஹார்வர்டு காட்டில் ஹெக்டேருக்கு ஆண்டு முழுக்க மிஞ்சியது சராசரியாக இரண்டரை டன் கார்பன். கரியமில வாயுவாகச் சொன்னால் சுமார் 9 டன். அதே கார் ஆண்டுக்கு 15,000 கிலோமீட்டர் ஓடுவதாக வைத்தால், ஒரு ஹெக்டேர் காடு ஐந்து கார்களுக்குத்தான் ஈடு. ஒரகடத்திலும் இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரு நாளில் எத்தனை கார்கள் தயாராகி வெளியே வருகின்றன என்பதை நினைத்துப் பார்த்தால் இந்த ஐந்தின் அருமை தெரியும்.

இது ஒரு பக்கத்துக் கணக்குதான். கரியமில வாயு உள்ளே வர இலை தன் துளைகளைத் திறக்க வேண்டும். திறந்த துளை வழியாகத் தண்ணீர் வெளியே போகும். இரண்டுக்கும் தனித்தனிக் கதவு கிடையாது. நம்மூர் மரங்களில் பெரும்பாலானவை ஒரு மூலக்கூறு கரியமில வாயுவைப் பிடிக்க நூற்றுக்கணக்கான நீர் மூலக்கூறுகளைக் கொடுக்கின்றன. மண்ணில் ஈரம் உள்ள காடு ஒரு நாளைக்கு 4 மில்லிமீட்டர் நீரை ஆவியாக்கினால் அது ஹெக்டேருக்கு 40,000 லிட்டர், 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் மூன்றுக்கு மேல். அவ்வளவு நீரை ஆவியாக்கப் போகும் வெப்பத்தை வெளியேற்ற 1.5 டன் ஏசி இருநூறுக்கு மேல் நாள் முழுக்க ஓட வேண்டும். மரத்தடி குளிர்ச்சியாக இருப்பதற்கு நிழல் மட்டும் காரணமில்லை.

கோபுரத்தின் அழகே இந்த இரண்டு கணக்கையும் ஒரே நேரத்தில், ஒரே காற்றில் எழுதுவதுதான். புனேயின் இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் ‘மெட்ஃப்ளக்ஸ் இந்தியா’ என்ற திட்டத்தில் இப்படிக் கோபுரங்களை நிறுத்தியிருக்கிறது. தமிழ்நாட்டில் பிச்சாவரம் அலையாத்திக் காட்டிலும் ஒன்று. அலையாத்திக்கு உரிய ஒரு சிக்கல் அங்கே உண்டு: ஓதம் இறங்கும்போது மட்கிய இலையின் கார்பனில் ஒரு பங்கு தண்ணீரோடு கடலுக்குப் போய்விடும். மேலே காற்றை எண்ணிக்கொண்டிருக்கும் கருவிக்கு அது தெரியாது. அசாமின் காசிரங்கா கோபுரம் வேறொரு ஆச்சரியத்தைச் சொன்னது. அந்தக் காடு கார்பனை அதிகமாக எடுப்பது மழை கொட்டும் மாதங்களில் அல்ல, அதற்கு முன்னால் மார்ச் முதல் மே வரை. பருவமழையில் தண்ணீருக்குப் பஞ்சமில்லை. ஆனால் மேகம் வெயிலை மறைத்துவிடுகிறது.

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பக்கத்தில் இதற்கு என்ன வேலை? ஆலைக்கு வழங்கும் சுற்றுச்சூழல் அனுமதிகளில் நிலத்தில் 33 விழுக்காட்டைப் பசுமை வளையமாக்கச் சொல்லும் நிபந்தனை சாதாரணமாக இருந்துவந்திருக்கிறது. மாநிலத்தின் காடு, மரப் பரப்பையும் 33 விழுக்காட்டுக்கு உயர்த்தும் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் 2022 செப்டம்பரில் தொடங்கிவைக்கப்பட்டது முதலில் சொன்ன வாலாஜாபாத் சாலையின் முனையில், வண்டலூர் உயிரியல் பூங்காவில்தான். மரம் நடுவதை எல்லோரும் கார்பன் கணக்கில் எழுதுகிறார்கள். ஏரிகளை நம்பி வாழ்ந்த இந்தச் சீமையில் தண்ணீர்க் கணக்கையும் பக்கத்தில் எழுத வேண்டாமா?

அந்தக் கணக்கு எவ்வளவு பெரிதாகும் என்பதற்கு நீலகிரியே சாட்சி. கிளென்மார்கனில் அடுத்தடுத்து இருந்த இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளில் ஓடைநீரைச் சில ஆண்டுகள் அளந்தார்கள். பிறகு 1972-ல் ஒன்றில் மட்டும் 59 விழுக்காடு பரப்பில் தைல மரம் வைத்தார்கள். மற்றது புல்வெளியும் சோலையுமாகவே இருந்தது. முதல் பத்தாண்டில் தைல மரம் வைத்த பக்கத்து ஓடையில் 16 விழுக்காடு நீர் குறைந்தது. வெட்டித் துளிர்த்த இரண்டாம் சுற்றில் 25 விழுக்காடு. கோபுரமே இல்லாமல், வந்த மழையையும் போன ஓடையையும் மட்டும் அளந்து கண்டது இது.

உடனே மரத்தைத் திட்டக் கிளம்பிவிடவும் கூடாது. மும்பை ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் 2018-ல் வெளியிட்ட ஆய்வின்படி, மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகள் ஆவியாக்கும் நீர்தான் தமிழ்நாட்டுக்குக் கிடைக்கும் தென்மேற்குப் பருவமழையில் கணிசமான பங்கு; மழை குறைந்த ஆண்டுகளில் அந்தப் பங்கு இன்னும் கூடுகிறது. ஓடைக்கு நஷ்டமான நீராவி, மலைக்குக் கிழக்கே வேறொருவர் வயலில் இறங்குகிறது.

சரி, ஒரகடத்திலேயே ஒரு கோபுரம் வைக்கலாமா? காடு பரந்து கிடந்தால்தான் கோபுரம் அதைப் பார்க்கும். கருவியின் உயரத்தைப் போல நூறு மடங்கு தூரமாவது காற்று வரும் திசையில் ஒரே மாதிரி நிலம் வேண்டும் என்பது பழைய விதி. ஆலைச் சுவரோரம் நாலு வரிசை வேம்பும் புங்கமும் இருக்கும் இடத்தில் அது நடக்காது. காலையில் ஒரு பக்கத்துக் கூரைகளைத் தாண்டிக் காற்று வரும். பிற்பகலில் கடற்காற்று உள்ளே எட்டும்போது சென்னைப் பக்கத்து லாரிகளின் புகையும் கூடவே வரும். லண்டனில் பி.டி. டவரின் உச்சியில் கருவியை வைத்து நகரம் விடும் கரியமில வாயுவை அளந்திருக்கிறார்கள். இங்கேயும் கோபுரம் அளப்பது அதைத்தான், மரத்தை அல்ல.

சிறு தோப்புக்கு ஊசி போதும். பிரான்சின் ஆந்த்ரே கிரானியே 1985-ல் சொன்ன முறை: தண்டுக்குள் மேலும் கீழுமாக இரண்டு ஊசி, மேலே உள்ளது மட்டும் மெல்லச் சூடேற்றப்படும். உள்ளே சாறு ஓடும் வேகத்துக்கு ஏற்ப அந்தச் சூடு தணியும். இரண்டு ஊசிக்கும் உள்ள வெப்ப வித்தியாசத்தைப் பார்த்தால் மரம் மணிக்கு எவ்வளவு நீரை மேலே இழுக்கிறது என்று தெரிந்துவிடும். ஏரிக்கரை முழுக்க மண்டிக் கிடக்கும் சீமைக் கருவேலம் காற்றின் ஈரத்தையே உறிஞ்சிவிடுகிறது என்று ஊரெல்லாம் பேசி, விவகாரம் உயர் நீதிமன்றம்வரை போனது. இலை காற்றுக்கு நீரைக் கொடுக்கிறது, அதிலிருந்து எடுப்பதில்லை. கேட்க வேண்டிய கேள்வி மண்ணிலிருந்து எத்தனை லிட்டர் என்பது. அந்தக் கேள்விக்கு விடை காண எத்தியோப்பியாவின் அஃபார் பகுதியில் இதே மரத்தைச் சாறோட்ட உணரி வைத்து அளந்தார்கள்.

பல ஆலைகளில் பசுமை வளையத்துக்குப் பாய்வது கேண்டீனிலும் கழிப்பறையிலும் பயன்பட்டுச் சுத்திகரிக்கப்பட்ட தண்ணீர். அந்தக் குழாயில் ஒரு மீட்டரும் பத்துப் பன்னிரண்டு மரத்தில் ஊசியும் வைத்தால், பாய்ந்ததோடு ஒப்பிட்டால் எவ்வளவு இலை வழியாகப் போனது என்று ஒரு கோடைக்குள் தெரிந்துவிடும். மரங்களின் எண்ணிக்கையைக் கேட்கும் அனுமதிப் படிவத்தில் லிட்டருக்கும் ஒரு கட்டம் போடலாம்.