சர்வகலாசாலையின் வாயில் யாருக்கு?

வாயிலைக் கண்டே வீட்டாரின் மனத்தை ஒருவாறு அளந்துவிடலாம். வழிப்போக்கனும் சற்று அமர்ந்து இளைப்பாறட்டும் என்று திண்ணை கட்டியவன் ஒருவன். வருவோர் தெருவிலேயே நிற்கட்டும் என்று நாயைக் கட்டியவன் மற்றொருவன். இக்காலத்தில் ஒரு சர்வகலாசாலைக்கு வாயில் எது? கல்லாலும் சுண்ணாம்பாலும் எழுப்பிய முகப்பு அன்று. அதன் இணையதளமே மெய்யான வாயில். சேர்க்கைக்கு விண்ணப்பம் போடுவது அங்கே. பரீட்சைக் கட்டணம் செலுத்துவது அங்கே. நுழைவுச் சீட்டுப் பெறுவதும், தேறினோமா தவறினோமா என்று அறிவதும் அங்கே. குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரிப் படியேறும் கிராமத்துப் பிள்ளை, கைபேசியின் சிறு திரை வழியாகவே சர்வகலாசாலையை முதலில் காண்கிறான். அவ்வாயிலில் அவனுக்கு இருப்பது திண்ணையா, நாயா என்பதே நம் கேள்வி.

இதனை அற்ப விஷயம் என்று கருதுவோர் உளர். கட்டணம் செலுத்துதற்குரிய கடைசி நாளைக் குறித்த அறிவிப்பு எங்கோ ஒரு மூலையில் கிடக்க, அதனைக் காணாது தவறிய மாணாக்கன் ஒரு பருவத்தை இழப்பான். சில வேளை ஒரு வருஷத்தையே இழப்பான். அவன் தகப்பன் வாங்கிய கடனுக்கு வட்டி ஏறும். அந்த நஷ்டத்தை எந்த நிர்வாகியும் தம் கணக்கில் எழுதிக்கொள்வதில்லை. எனவே இது அற்ப விஷயம் அன்று. நியாயத்தைப் பற்றிய விஷயம்.

2010-ம் வருஷத்தில் ராண்டல் மன்றோ என்னும் அமெரிக்கச் சித்திரக்காரர், எக்ஸ்கேசிடி என்ற தமது கேலிச்சித்திர வரிசையில் இரண்டு வட்டங்களை வரைந்தார். ஒரு வட்டத்துள், சர்வகலாசாலைகள் தம் தளத்தின் முகப்பில் வைப்பனவற்றை எழுதினார்: வளாகத்தின் அழகிய படங்கள், தலைவரின் கடிதம், பத்திரிகைச் செய்திகள், பழைய மாணவரின் புகழ், கலாசாலையின் தத்துவம். மற்றொரு வட்டத்துள், ஜனங்கள் அத்தளத்தில் தேடி வருவனவற்றை எழுதினார்: விண்ணப்பப் படிவம், கல்வி நாட்காட்டி, ஆசிரியர்களின் தொலைபேசி எண், பாடங்களின் பட்டியல், பயன்படத்தக்க வரைபடம். இரண்டு வட்டங்களும் ஒன்றையொன்று தொட்ட சிறு இடத்தில் இருந்தது ஒன்றே ஒன்று: சர்வகலாசாலையின் முழுப் பெயர்! உலகெங்கும் படித்தவர்கள் அதனைக் கண்டு நகைத்தார்கள். நகைத்தவர்களில் பலர் அத்தகைய தளங்களில் அலைந்து சலித்தவர்களே.

இத்தவறு ஏன் நேர்கிறது? தளத்தை அமைப்போர் அலுவலகத்தின் உள்ளே இருந்துகொண்டு வெளியே பார்க்கிறார்கள். உள்ளே எத்தனை பிரிவுகள் உண்டோ அத்தனை பிரிவுகளையும் அப்படியே திரையில் இறக்கிவிடுகிறார்கள். பட்டச் சான்றிதழை வேண்டி வருவோனுக்கு, அது பதிவாளர் பொறுப்பா, பரீட்சை அதிகாரியின் பொறுப்பா என்பது எவ்வாறு தெரியும்? அவன் அறிந்தது தன் தேவை ஒன்றையே. அதிகாரத்தின் அடுக்கைப் பாடம் செய்த பின்னரே தன் உரிமையை அவன் அடையலாம் என்பது என்ன முறை?

பரிகாரம் எளிது. வாயிலைப் புதுப்பிக்குமுன் அதன் வழியே நடப்போரைக் கேட்க வேண்டும். மாணாக்கர், மாணாக்கியர், ஆசிரியர், நூலகர், குமாஸ்தா, தபால் மூலம் பயில்வோர், பெற்றோர் ஆகிய இவர்களே சர்வகலாசாலையின் பிரஜைகள். பிரஜைகளைக் கலவாத ஆட்சி எங்கும் நல்லாட்சி ஆகாது.

“ஆயிரம் பேரைக் கேட்டால் ஆயிரம் அபிப்பிராயம் வரும், வேலை நடவாது, இது நிபுணர் செய்யவேண்டிய காரியம்” என்று சிலர் ஆட்சேபிக்கலாம். அவர்கள் கூறுவதில் ஓரளவு உண்மை உண்டு. நிறம் நீலமா பச்சையா என்று வாக்கெடுப்பது வீண் வேலைதான். ஆனால் நிபுணர்களே கண்டு வகுத்த முறை ஒன்று இருக்கிறது. அபிப்பிராயத்தைக் கேட்பதினும் செய்கையைக் கவனிப்பதே மேல் என்பது அதன் சாரம். ஒரு மாணாக்கியைத் திரையின் முன் அமர்த்தி, “மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பம் செய், பார்ப்போம்” என்று சொல்லிவிட்டு, வாய் பேசாது அருகில் இருக்க வேண்டும். அவள் எங்கே தயங்குகிறாள், எங்கே வழி தவறுகிறாள் என்பது கண்கூடாகத் தெரிந்துவிடும். டென்மார்க்கில் பிறந்த ஜேக்கப் நீல்சன் என்னும் நிபுணர், இவ்வாறு 5 பேரைக் கவனித்தால் குறைகளில் ஏறக்குறைய 85 சதவீதம் வெளிப்படும் என்று கணக்கிட்டு, 2000-ம் வருஷத்தில் எழுதினார். 15 பேரை ஒரே முறையில் சோதிப்பதைவிட, ஐவர் ஐவராக மும்முறை சோதித்து, ஒவ்வொரு முறையும் திருத்திச் செல்வதே சிறந்தது என்பதும் அவர் யோசனை. தலைப்புகளைத் தனித்தனிச் சீட்டுகளில் எழுதிக் கொடுத்து, எது எதனோடு சேரும் என்று மாணாக்கரையே அடுக்கச் சொல்லும் முறையும் உண்டு. தளத்தின் தேடல் கட்டத்தில் ஜனங்கள் எழுதும் சொற்களைத் தொகுத்துப் பார்த்தாலோ, அவர்கள் காணாது தவித்தவை இன்னவை என்பது விளங்கும். இவற்றுக்குப் பெருஞ்செலவு ஏது? வேண்டுவது செவி ஒன்றே.

கேளாமல் அமைத்தால் நேரும் கேடு யாது என்பதற்கு, அமெரிக்காவில் நிகழ்ந்த ஒரு விவகாரம் சான்று. பென்சில்வேனியா ஸ்டேட் சர்வகலாசாலை 1855-ம் வருஷத்தில் தோன்றியது. செல்வமும் கீர்த்தியும் உடையது. 2010 நவம்பரில் அந்நாட்டுப் பார்வையற்றோர் தேசிய சம்மேளனம் அதன்மீது மத்திய கல்வி இலாகாவிடம் முறையிட்டது. நூலகப் பட்டியல், துறைகளின் இணையதளங்கள், பாடங்களை நடத்தும் மென்பொருள், வகுப்பறை மேடையிலுள்ள மின்கருவிகள் ஆகியவை பார்வையற்ற மாணாக்கருக்கும் ஆசிரியருக்கும் பயன்படாதபடி அமைந்துள்ளன என்பது குற்றச்சாட்டு. பார்வையற்றோர், திரையிலுள்ள எழுத்தை உரக்கப் படிக்கும் மென்பொருளின் துணையால் பயில்கிறார்கள். படத்துக்கு விளக்கமும் பொத்தானுக்குப் பெயரும் எழுதப்படாவிடில் அம்மென்பொருள் ஊமையாகிவிடும். 2011 அக்டோபரில் உடன்பாடு ஏற்பட்டது. தன் சாதனங்களைப் பரிசோதிக்கவும், குறைகளைத் திருத்தவும், இனி வாங்குவன அனைவருக்கும் பயன்படுவனவாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளவும் சர்வகலாசாலை இசைந்தது. வாயில் கட்டிய அன்றே தன் வளாகத்திலிருந்த பார்வையற்றோரை அழைத்து, “நடந்து பாருங்கள்” என்று சொல்லியிருந்தால் இந்த முறையீட்டுக்கு இடமே இராது.

காலங்கடந்து கேட்டால் நஷ்டம் எல்லோரையும் சாரும். கலிபோர்னியாவின் பெர்க்கிலி சர்வகலாசாலை உலகத்தாருக்கு இலவசமாக வைத்திருந்த விரிவுரைப் பதிவுகள், செவிப்புலன் அற்றோர் முதலியோர்க்குப் பயன்படவில்லை என்று 2016-ம் வருஷத்தில் அந்நாட்டு நீதி இலாகா கண்டது. சர்வகலாசாலை என்ன செய்தது? 2017-ல் 20,000-க்கு மேற்பட்ட பதிவுகளைப் பொதுமக்கள் பார்வையினின்றும் நீக்கிவிட்டது. திண்ணையைத் திருத்தச் சொன்னால் திண்ணையையே இடித்துவிட்ட கதை! பின்னர் 2022-ல் நீதிமன்ற உடன்பாட்டின் மூலமே வழி பிறந்தது.

அமெரிக்காவின் கதை நமக்கெதற்கு என்று கேட்பார்க்கு நம் நாட்டுச் சட்டத்தையே காட்டுவோம். 2005-ம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டத்தின் 4-வது பிரிவு, பொது ஸ்தாபனங்கள் கேளாமலே தம் விவரங்களை வெளியிட வேண்டும் என்கிறது. வெளியிடுகையில் அவ்விடத்து மொழியையும் கருத வேண்டும் என்கிறது. 2016-ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் செய்திச் சாதனங்களையும் அணுகத்தக்கனவாக அமைக்கச் சொல்கிறது. 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு, வெறும் யோசனைகள் போதா, கட்டாயமான விதிகள் வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 2025 ஏப்ரலில் அதே கோர்ட்டு, மின்னணு வசதியை அணுகும் உரிமை, அரசியல் சாஸனத்தின் 21-வது ஷரத்து அளிக்கும் உயிர்வாழ்வு உரிமையைச் சார்ந்தது என்று கூறியது. ஆகவே நாம் சலுகை கேட்கவில்லை, உரிமையைக் கேட்கிறோம்.

நடைமுறையோ வேறாயிருக்கிறது. கணிப்பொறியில் எழுதிய சுற்றறிக்கையை அச்சிட்டு, கையொப்பமும் முத்திரையும் இட்டு, மீண்டும் படம் பிடித்துத் தளத்தில் ஏற்றும் வழக்கம் நம்மிடையே மிகுதி. படிக்கும் மென்பொருளுக்கு அது எழுத்தன்று, வெறும் படம். தமிழில் எழுதியதையும் சிலர் பழைய எழுத்துருக்களில் எழுதுகிறார்கள், திரையில் தமிழாகத் தோன்றுவது, மென்பொருளின் செவிக்கு ஆங்கில எழுத்துகளின் குப்பையாகிறது, தேடினாலும் அகப்படுவதில்லை. ஒருங்குறியில் 1991-ம் வருஷம் முதலே தமிழுக்கு இடம் உண்டு. இடம் இருந்தும் அமராதது யார் குற்றம்? தமிழ்நாட்டுச் சர்வகலாசாலையின் வாயிலில் தமிழ் ஊமையாய் நிற்பது நமக்கு இழுக்கன்றோ?

ஓர் எச்சரிக்கையும் அவசியம். கருத்துக் கேட்பதாகச் சொல்லித் தளத்திலேயே ஒரு படிவத்தை வைத்துவிட்டுக் கடமை தீர்ந்தது என்று இருப்போர் உண்டு. தளத்தைத் திறக்க இயலாதவன் படிவத்தை எவ்வாறு நிரப்புவான்? கதவு திறக்கவில்லை என்று முறையிடுதற்கும் அதே கதவைத் திறந்து உள்ளே வா என்பது போலும் இது! எவர் மிகவும் துன்புறுகிறாரோ அவர் குரலே அங்கே கேளாது. ஆகையால் நிர்வாகிகள் நூலகத்துக்கும், விடுதிக்கும், மாலை வகுப்புக்கும், கட்டணம் செலுத்தும் வரிசைக்கும் நடந்து சென்று கேட்க வேண்டும்.

நாம் வற்புறுத்துவன நான்கு. தளத்தைப் புதுப்பிக்கும் ஒப்பந்தம் எழுதுமுன் பிரஜைகளைக் கேட்டல் ஒன்று. மேற்பார்வைக் குழுவில் பார்வையற்ற மாணாக்கர் ஒருவரும், முதல் வருஷ மாணாக்கர் ஒருவரும், விண்ணப்பங்களை அன்றாடம் கையாளும் குமாஸ்தா ஒருவரும் இருத்தல் இரண்டு. அறிவிப்புகள் யாவும் ஒருங்குறித் தமிழில், படமாக அன்றி எழுத்தாக வெளிவருதல் மூன்று. கேட்ட குறைகள் இன்னவை, தீர்த்தவை இன்னவை, தீராதவை இன்ன காரணத்தால் என்று பகிரங்கமாக வெளியிடுதல் நான்கு. கடைசியாகச் சொன்னது மிக முக்கியம். கேட்டுவிட்டு வாளா இருப்பது, கேளாமையினும் கொடிது. அடுத்த முறை எவரும் வாய் திறவார்.

செனட்டிலும் சிண்டிகேட்டிலும் அமர்ந்திருப்போர் இதனைக் கேள்வியாக எழுப்புவாராக. மாணவர் சங்கங்கள் விழாத் தீர்மானங்களோடு இதனையும் ஒரு தீர்மானமாகச் செய்க. பொது வேலையில் ஈடுபட்ட நேயர்கள் தம் ஊர்ச் சர்வகலாசாலையின் தளத்தைத் திறந்து, பட்டச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும் வழியைத் தாமே தேடிப் பார்க்கட்டும். எங்கே தடுக்கி விழுந்தார்களோ அதனைக் குறித்து நிர்வாகத்துக்கு எழுதட்டும். சர்வகலாசாலை ஜனங்களின் பொருளால் நடப்பது. அதன் வாயிலும் ஜனங்களுடையதே. வாயில் அகலட்டும், திண்ணை எழட்டும்.